உன் இஷ்டம்

அவள் வாயை மறைக்காமல் சிரித்தாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அவனிடம் பேசும்போது அப்படிச் சிரிக்க மாட்டாள். பல்லில் மாட்டியிருந்த கம்பி தெரிந்துவிடும் என்று சட்டென்று கையைக் கொண்டுபோய் வாயில் வைப்பாள். இன்று மதியம் பள்ளிக்கூட மாடிப்படியில் ஒட்டகத்தோடு நின்றுகொண்டு, கம்பி மொத்தமும் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒட்டகம் என்பது வகுப்பிலேயே உயரமானவனுக்கு அவன் வைத்த பெயர். நேற்றுவரை அது வெறும் கேலி.

சாயங்காலம் வரை அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. தண்ணீர் குடித்துப் பார்த்தான். கழிப்பறையில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு செய்தி அடித்தான். அடித்ததை அனுப்பத் தைரியம் இல்லாமல் அக்காவிடம் கொண்டுபோனான்.

அக்கா மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கடையில் போடும் வெள்ளைக் கோட்டின் கிழிந்த பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் நீட்டிய போனை ஊசி பிடித்த கையாலேயே வாங்கிப் படித்தாள்.

‘என்னடி, அவன்கூட என்ன இளிப்பு?’ என்று தொடங்கியது அது. கீழே போகப் போக இன்னும் மோசம்.

“இதை அனுப்பு. ‘போடா’ன்னு ஒரே வார்த்தை வரும். கதை முடிஞ்சுது.”

“அவ போகவும் கூடாது, அவன்கூடப் பேசவும் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுக்கா. நீயும் பொண்ணுதானே?”

அக்கா அவனைப் பார்த்தாள். மீசை முளைக்கத் தொடங்கியிருந்த இடத்தை ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்பதாகப் பார்த்தாள். பிறகு தையலுக்குத் திரும்பினாள்.

“மொத்தத்தையும் அழி. நான் சொல்றதை அடி.”

சொன்னாள். தலை நிமிரவில்லை, யோசிக்கவில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லும் அதே குரல்.

‘உன்மேல எனக்குச் சந்தேகமே இல்ல. பாக்கறவங்க உன்னைத் தப்பா பேசிடுவாங்களோன்னுதான் பயம். அவன்கூடப் பேசுறதும் பேசாததும் உன் இஷ்டம். எனக்கு மத்தியானத்துல இருந்து சோறு இறங்கல. அவ்வளவுதான்.’

அவன் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தான். ஆனாலும் அடித்தான்.

“‘உன் இஷ்டம்’னு போட்டா, இஷ்டப்படி பேசிட்டுப் போயிடுவாளே?”

“மாட்டா. அதைப் படிச்சதுக்கப்புறம் ஒருத்தியாலயும் முடியாது.”

அனுப்பினான். அவள் உடனே பார்த்துவிட்டாள்.

‘என்னாச்சு?’ என்று வந்தது. ‘கோபமா?’ என்று வந்தது. பிறகு அவன் பெயர் மட்டும், கேள்விக்குறியோடு.

பாவமாக இருந்தது. விரல் எழுத்துகளைத் தேடிப் போனது.

“பதில் போடாத. தவிக்கணும்” என்றாள் அக்கா.

போனைக் கட்டில்மேல் போட்டான். முள் இறங்கிவிட்டிருந்தது. ஒட்டகம் நாளைக்கு மாடிப்படியில் தனியாக நின்று சுவரைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் இனித்தது.

“கில்லாடிக்கா நீ! ஒரு ஆம்பள மனசு உனக்கு எப்படி இப்படி அட்சரம் பிசகாம வருது?”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“தினம் கேட்டா உனக்கும் வரும்.”

கடைக்குத்தான் எத்தனை விதமான ஆட்கள் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அக்காவின் போன் அடித்தது. மாமா. வீடியோ அழைப்பு.

அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருந்தவர். இவனுக்கு விலை உயர்ந்த விளையாட்டு ஷூ வாங்கிக் கொடுத்தவர். யாரிடமும் ஒரு வார்த்தை அதட்டிப் பேசி இந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. தங்கமான மனுஷன் என்று அம்மா பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள்.

அக்கா எழுந்து நின்று எடுத்தாள். திரையில் அவள் முகம் இல்லை. அறை இருந்தது.

கதவைக் காட்டினாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கைக் காட்டினாள். ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினாள். குளியலறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, உள்ளேயும் காட்டினாள். வாளியைக்கூட.

மாமா எதையும் கேட்கவில்லை. அவள் ‘ஹலோ’கூடச் சொல்லியிருக்கவில்லை.

அப்போதுதான் கட்டில்மேல் கிடந்த இவன் போன் உர்ரென்று அதிர்ந்தது.

“யார் போன் அது?” மாமாவின் குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

“தம்பியோடது.”

“உன்மேல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. சும்மா எடுத்துக் காட்டச் சொல்லு.”

அவன் அக்காவைப் பார்த்தான்.

அக்கா கேமராவை அவன் பக்கம் திருப்பினாள். அவன் தன் போனை எடுத்து அதற்கு நேராகப் பிடித்தான். திரையில் அந்தப் பெண் அனுப்பியது பளிச்சென்று எரிந்தது.

‘சாரி. இனிமே அவன்கூடப் பேச மாட்டேன். யார்கூடவும் பேச மாட்டேன். நீ முதல்ல சாப்பிடு, ப்ளீஸ்.’

மாமா நிதானமாகப் படித்தார். அடுத்த நொடி வாய்விட்டுச் சிரித்தார்.

“அட! தேறிட்டியே மச்சான்!”

போனைப் பிடித்திருந்த அக்காவின் கை ஆடவில்லை. அதற்கு மேலாக அவள் கண்கள் இவன் முகத்தில் வந்து நின்றன.

இவனும் சிரிக்கிறானா என்று பார்க்க மாமா காத்திருந்தார்.

அக்காவும்.