இரண்டாவது ஜோடி பூட்ஸ்

பக்கத்து வீட்டு பஸ் டிரைவருக்கு மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் பகுதிநேர ராணுவப் பயிற்சி. மற்ற நாளெல்லாம் ஸ்டியரிங்தான். அவர் மனைவியின் அண்ணனோ முழுநேர ராணுவம். லீவில் வந்து சோபாவில் கால் நீட்டியபடி அவர் அடிக்கும் கிண்டல் எங்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"நாளைக்குப் பயிற்சியா மாப்ளே? துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு ஞாபகம் இருக்கா?"

"பார்த்துக்கறேன் மச்சான்."

"எங்க கேம்ப்ல உங்களை விருந்தாளிங்கன்னுதான் சொல்லுவோம். நாங்க சாப்பிட்டு மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்குச் சோறு!"

டூட்டி முடிந்து வந்த அலுப்போடு டிரைவர், எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சமையலறையில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டார். மனைவி பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

"அண்ணன்னா என்ன வேணா பேசலாமா? நீங்களும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. லீவு முடிஞ்சு எப்பதான் கிளம்புவாராம்?"

"மெதுவாப் பேசு. லீவெல்லாம் இல்ல. ஆட்குறைப்புன்னு போன மாசமே அனுப்பிட்டாங்க. பூட்ஸ் வரைக்கும் திருப்பி வாங்கிட்டாங்களாம். உன் காதுக்குப் போகக் கூடாதுன்னு என்கிட்ட கெஞ்சினாரு."

அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அப்ப இனிமே?"

"எங்க யூனிட்லதான் பேர் கொடுத்திருக்காரு. நாளைக்குச் சாப்பாட்டு வரிசையில என் பின்னாடிதான் நிப்பாரு. இன்னிக்கு ஒரு நாள் பேசிட்டுப் போகட்டும், விடு."

டிரைவர் தன் பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு, பரணிலிருந்து எடுத்த பழைய ஜோடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மாப்ளே... நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

அண்ணனின் இந்தக் கேள்வி மட்டும் சுவரில் காதை வைத்தால்தான் கேட்டது.