நாற்பது சிலேட்டுகள்

“இன்னும் நாலு சிலேட்டுக்கு இடமிருக்கு, பிறிஜெற். கொண்டா!”

நிக்கலஸ் மாஸ்டர் றங்குப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றார். நாளைக் காலை பினாங்குக்குக் கப்பல். மலாயாவில் ஒரு றப்பர்த் தோட்டத்தில் புதிதாகத் திறக்கப்போகும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் தலைமை ஆசிரியர். விடிந்ததிலிருந்து அவருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

“ஏன், அங்க சிலேட் விக்காதோ?” என்றாள் மனைவி பிறிஜெற். அவள் மூன்று மாதம் கழித்துப் போவதாக ஏற்பாடு.

“தோட்டத்துக்குள்ள ஆர் விக்கிறது? முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின்ர கையிலயும் ஒண்டு இருக்கவேணும். நாற்பது பிள்ளை, நாற்பது சிலேட்!”

பக்கத்து வீட்டு ஒஸ்வால்ட் வாசலிலேயே நின்று சிரித்தார். வழியனுப்ப வந்தவர், காலையிலிருந்து வழியனுப்பிக்கொண்டே இருந்தார்.

“ஏன் மாஸ்டர், இந்தக் கொழும்புக் கொட்டாஞ்சேனையில பிள்ளைகள் முடிஞ்சு போச்சுதோ? படிப்பிக்கிறதுக்குக் கடல் தாண்டவேணுமோ?”

“பகிடி விடாதையும், ஒஸ்வால்ட். இஞ்ச மூலைக்கு ஒரு மாஸ்டர். அங்க அந்தத் தோட்டத்துச் சனத்துக்கு எழுத்தெண்டால் என்னெண்டே தெரியாது. அப்பிடியான இடத்துக்குத்தான் மாஸ்டர் போகவேணும்!”

சொல்லும்போதே அவருக்கு மயிர் சிலிர்த்தது.

பெட்டிகள் இரண்டு. இரண்டுக்கும் ஒரே பச்சை நிறம். சிலேட்டும் பாலபாடமும் நிறைந்த பெட்டி, கப்பலின் அடித்தட்டுக்கு. அதை இன்றைக்கே லொறி வந்து ஏற்றிப் போகும். புதுக் கோட்டும் நியமனக் கடிதமும் உள்ள பெட்டி, நாளைக்கு அவரோடு கப்பல் அறைக்கு.

கப்பல் கம்பனி இரண்டு இங்கிலிசு லேபிள்கள் தந்திருந்தது. வேலைக்காரி ஆறாயிதான் ஒட்டப்போகிறாள், அவளுக்கு இங்கிலிசு விளங்காதே என்று, மாஸ்டர் அவற்றின் மேல் தமிழிலும் கொட்டை எழுத்தில் எழுதினார். ஒன்றில் ‘அடித்தட்டு’. மற்றதில் ‘அறை’.

“சிலேட் பெட்டிக்கு அடித்தட்டு. உடுப்புப் பெட்டிக்கு அறை. விளங்கிச்சோ?”

“சரிங்கய்யா.”

மாஸ்டர் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கப் போனார். குளித்து வந்தபோது லொறி வந்து போயிருந்தது. ஒரு பெட்டிதான் மிச்சம்.

“ஒஸ்வால்ட், கடிதத்தில தலைமை ஆசிரியர் எண்டு அடிச்சிருக்கிறதைப் பாத்தனீரோ?”

“மூண்டுதரம் பாத்திட்டன்.”

“இன்னொருக்காப் பாரும்!”

மூடியைத் திறந்தார். உள்ளே சிலேட்டுகள்.

“ஐயோ, என்ர கடிதம்! அம்மைப்பால் குத்தின சேட்டிபிக்கற்றும் அதுக்குள்ளதான். அதுகள் இல்லாட்டி நாளைக்கு என்னைக் கப்பலில ஏத்தமாட்டாங்கள்!”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நல்லகாலம், சந்தியில் வாழைக்குலை ஏற்றிய மாட்டுக் கரத்தைகள் வழியை மறித்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் லொறி.

லொறிக்கார மஜீட் எட்டிப் பார்த்தான். “என்ன மாஸ்டர், சாரத்தோடயா கப்பலேறப் போறீங்க?”

“பெட்டி மாறிப் போச்சு, மஜீட்!”

“நான் என்ன செய்ய? லேபிளைப் பாத்துத்தான் ஏத்தினேன். தமிழ்ல வேற இவ்வளவு பெரிசா எழுதியிருக்கீங்க.”

லொறி திரும்பி வந்தது. பெட்டியை இறக்கி, சிலேட் பெட்டியை ஏற்றி, லேபிளையும் மாற்றி ஒட்டி அனுப்பிய பிறகுதான் மாஸ்டருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

ஆறாயி குசினிக் கதவோரம் பசைச் சிரட்டையோடு நின்றாள்.

“உனக்கென்ன கண் தெரியாதோ? லொறி துறைமுகத்துக்குப் போய்ச் சேந்திருந்தா என்ர வேலையே போயிருக்கும்!”

“மாத்தி ஒட்டிட்டேங்கய்யா.”

“இவளுக்கு எப்பவும் நினைப்பு வேற எங்கையோ” என்றாள் பிறிஜெற்.

“அதுவும் தமிழில எழுதித் தந்தனான். குருடனுக்கும் தெரியிற எழுத்தில! இதுக்கு மேல ஒரு மனிசன் என்ன செய்யிறது?”

ஆறாயி சிரட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எழுத்துத் தெரியாதுங்கய்யா. எது எதுன்னு தெரியாமத்தான் ஒட்டுனேன்.”

“தமிழ் எழுத்துமோ?”

“எந்த எழுத்தும் தெரியாதுங்க.”

மாஸ்டருக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. சாட்சிக்கு அழைப்பதுபோல ஒஸ்வால்ட்டின் பக்கம் திரும்பினார்.

“கேட்டீரே, ஒஸ்வால்ட்? இவ்வளவு வளந்த பொம்பிளை! ஒரு எழுத்துத் தெரியாதாம்.” பிறகு அவளிடம், “இவ்வளவு காலமும் எந்தக் காட்டுக்குள்ளயடி இருந்தனீ?”

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று ஆறாயி சொன்னாள்:

“இங்கதாங்கய்யா, ஒங்க வீட்லதான். ஏழு வயசுலேருந்து.”