காயாத கடல்

"சும்மா பார்த்திட்டுப் போறம் தங்கச்சி. தொடமாட்டம்."

படி ஏறிய மூச்சு அடங்குமுன்னே ஜீவராஜ் கேட்டுவிட்டார். அருந்ததி தூரிகையைத் துடைத்தபடி அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி அறை அது. அவள் படம் கீறுவதும் அங்கேதான், கீறிய படங்களை ஆட்களின் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பதும் அங்கேதான்.

"இன்னும் முடியேல்ல அண்ணை."

"கீறி முடிஞ்சுதெண்டு போன மாசம் சொன்னீங்கள்?"

"கீறி முடிஞ்சுது. காயேல்ல. வார்னிஷ் அடிச்சால்தான் படம் முடிஞ்ச மாதிரி."

ஜனவரியில் அவரும் மனைவி சுபோதினியும் வந்து கேட்ட படம். மரைன் டிரைவில் ஐந்தாம் மாடியில் அவர்களுடைய ஃப்ளாட். முன் காணியில் கட்டடம் எழும்பப் போகிறது, கடல் மறையப் போகிறது, அதற்குள் ஜன்னலில் தெரிகிற கடலைப் படமாக்கித் தர வேண்டும் என்றார் ஜீவராஜ்.

"பின்னேரம் ஆறு மணிக்கு ரயில் போகேக்க ஒரு நிறம் வரும். அது வேணும்," என்றார் சுபோதினி. வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

அருந்ததி நாலு பின்னேரம் அந்த ஜன்னலடியில் இருந்து பார்த்தாள். அலையின் நுரையை மட்டும் தூரிகை இல்லாமல், வர்ணம் பூசும் கத்தியால் தடிப்பாக அப்பினாள். தான் கீறியதிலேயே நல்ல படம் இதுதான் என்று அவளுக்கே தெரியும். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

"காய எவ்வளவு நாள் செல்லும்?"

"கீறி முடிச்சதில இருந்து ஆறு மாசம்."

"ஆறு மாசமோ! இது ஏப்ரல்தானே!"

"எண்ணெய் வர்ணம் அண்ணை. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்குப் பச்சையா இருக்கும். இப்ப வார்னிஷ் அடிச்சால் ரெண்டு வருசத்தில வெடிச்சுப்போகும். உப்புக் காத்து வேற."

"வெயில்ல வைச்சால்?"

"படம் என்ன பனங்கிழங்கு ஒடியலோ, வெயில்ல காயப்போட?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சரி, வார்னிஷைப் பிறகு அடியுங்கோ. இப்ப ஒருக்கால் கண்ணால பார்க்கலாம்தானே? சுபோதினி கீழ ஓட்டோவில இருக்கிறா. ஓம் எண்டால் கையைப் பிடிச்சு ஏத்திக்கொண்டு வாறன். உங்கட படி செங்குத்து."

அங்கேதான் அருந்ததியின் வீம்பு. முடியாத படத்தை அவள் ஒருவருக்கும் காட்டுவதில்லை. முன்பு ஒருமுறை கொள்ளுப்பிட்டிக்காரர் ஒருவருக்குப் பாதியில் காட்டப்போக, வானத்தைத் தன் வீட்டு சோபாவின் நிறத்துக்கு மாற்றச் சொன்னார் மனிதர். அன்றிலிருந்து வார்னிஷ் பூசி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டும்போதுதான் முதல் தரிசனம்.

"வார்னிஷ் இல்லாட்டில் நிறம் மங்கலாத்தான் தெரியும் அண்ணை."

"மங்கலாத் தெரிஞ்சாலும் பரவாயில்லை."

"கட்டடம் ஒரு நாளில எழும்பாது. படமும் எங்கயும் ஓடாது. ஓகஸ்டில நானே கொண்டுவந்து மாட்டித் தாறன்."

அவர் இறங்கிப் போனார். அருந்ததி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். ஓட்டோவுக்குள் குனிந்து மனைவியிடம் ஏதோ சொன்னார். ஓட்டோ புறப்பட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நல்ல படம் வேண்டுமென்றால் பொறுக்கத்தானே வேண்டும்?

மே மாதம் இரண்டு தரம் போன் எடுத்தார். ஜூனில் இருந்து எடுக்கவில்லை. அப்பாடா, மனிதருக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஓகஸ்ட் கடைசியில் நகத்தால் அழுத்திப் பார்த்தாள், பதியவில்லை. மெல்லிசாக இரண்டு தரம் வார்னிஷ் பூசினாள். கடலும் வானமும் பளிச்சென்று எழுந்து வந்தன.

ஃப்ளாட் கதவைத் திறந்த ஜீவராஜ் மெலிந்திருந்தார். சுபோதினி ஜன்னலோரக் கதிரையில் கடல் பக்கம் முகத்தை வைத்தபடி இருந்தார்.

"அருந்ததியோ? வாங்கோ, வாங்கோ. படம் நல்லா மணக்குது," என்று சிரித்தார்.

ஜீவராஜ் ஆணி அடிக்க, அருந்ததி படத்தை மாட்டினாள். மாட்டிவிட்டு ஜன்னலால் பார்த்தாள். முன் காணியில் கட்டடம் இரண்டு மாடியோடு முடிந்து, பெயின்டும் அடித்தாகிவிட்டது. அதற்கு மேலே கடல் முழுசாகத் தெரிந்தது.

"வீணா அவசரப்பட்டனீங்கள் அண்ணை. கடல் அப்பிடியே தெரியுதே!"

"அது ரெண்டு மாடிதான் எண்டு ஜனவரியிலயே தெரியும் தங்கச்சி," என்றார் அவர் மெதுவாக.

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"பாவம் பார்த்துக் கீறின படம் வேண்டாமெண்டு இவதான் சொன்னவ."

அருந்ததிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுபோதினி எழுந்து, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு படத்தடிக்கு வந்தார்.

"காஞ்சிட்டுதுதானே? தொடலாமோ?"

"தொடலாம் அக்கா."

சுபோதினியின் கை சுவரில் தடவிச் சட்டத்தைப் பிடித்தது. பிறகு கான்வஸில் மெல்ல நகர்ந்து, கத்தியால் அப்பிய நுரையில் வந்து நின்றது.

"அண்டைக்கு உங்கட வாசலுக்கு வரேக்க, ஓட்டோவின்ர சிவப்பு எனக்கு நல்லாத் தெரிஞ்சது அருந்ததி," என்றார். "இப்ப இதில எது நீலம் எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

அருந்ததி அந்த விரல்களைப் பிடித்து நீலத்தில் வைத்தாள். ஆறு மாதம் பொறுக்க வேண்டியிருந்தது வார்னிஷ் பூச மட்டும்தான்.