நாலாயிரம் மைல் செயின்

“மீட்டரைப் பாரும்வே! நாலாயிரத்து நூத்துப் பதினெட்டு மைல். அதுக்குள்ள ஒரு புதுச் செயின் தேயுமா?”

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சுவக்கீன் போட்ட சத்தத்தில் பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத்துப் பாக்டரி முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மிஷின் வேலை பார்க்கும் பிட்டர் பொன்ராஜ், தோட்டத்துத் துரையின் காருக்கு முன்னால் குந்தியிருந்தான். எஞ்சின் முன்மூடியைக் கழற்றியிருந்தான். உள்ளே டைமிங் செயின் பழைய கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போனது.

“நீர் புதுசைப் போடவே இல்ல. பழசையே மாட்டித் துரையை ஏச்சிருக்கீர்.”

“புதுசுதான் போட்டேன் ரைட்டரய்யா. இந்தா, மூடிக்குள்ள தேதி கீறியிருக்கேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திமூணு மார்ச்சு. அன்னைக்கேதான் புது மீட்டரும் மாட்டுனேன்.”

“பத்தாயிரம் மைலுக்கு ஒருக்கா செயினைப் பாக்கணும்னு சட்டம். இது பாதிகூட ஓடல, அதுக்குள்ள பல்லிளிக்குது! சாயந்திரத்துக்குள்ள லயத்து வீட்டைக் காலி பண்ணும். துரை உத்தரவு.”

மழை பிடித்துக்கொண்டது. ரைட்டர் குடையை விரித்து ஆபீசுக்கு நடந்தார். நாலு பேர் சேர்ந்து காரைப் பின்பக்கமாகத் தள்ளி ஷெட்டுக்குள் விட்டார்கள்.

லயத்தில் பொன்ராஜின் மனைவி பூமாரி எட்டு நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள். இந்த மழையில் அவர்களை எங்கே கொண்டுபோவது?

பொன்ராஜ் மீட்டரை எட்டிப் பார்த்தான். நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. நம்பரைக்கூட ஒழுங்காக வாசிக்கத் தெரியாதவன் நம்மைத் திருடன் என்கிறானே என்று பல்லைக் கடித்தான்.

ஒரு கணம் தன் மேலேயே சந்தேகம் வந்தது. அன்று கைதவறிப் பழையதைத்தான் மாட்டிவிட்டோமோ? சாக்கட்டியை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டான். பாக்டரியிலிருந்து துரை பங்களா மூன்று மைல் ஏற்றம். போக வர ஆறு. தினமும் நாலு நடை. செயின் மாட்டி மூன்று வருஷம். இருபத்தாறாயிரம் மைலுக்கு மேல் வந்தது.

அப்படியானால் செயின் பொய் சொல்லவில்லை. மீட்டர்தான் பொய். மீட்டர் யார் கையில் இருக்கிறது?

“ஏலே பவுல்ராஜ்!”

டிரைவர் பவுல்ராஜ் ஓடி வந்தான். கழுத்தில் சுற்றிய மப்ளரில் தைல வாடை அடித்தது. பொன்ராஜ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

“மீட்டரைத் திருகி வச்சிட்டு என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேலே!”

“சேசுவே! நான் ஏன் அண்ணாச்சி அதைத் தொடப் போறேன்? மீட்டர்ல நீங்க வச்ச ஈயமுத்திரை அப்படியே இருக்கான்னு பாருங்க.”

பொன்ராஜ் விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தான். ஈயமுத்திரையில் அவன் குத்திய மூன்று புள்ளிகள் அப்படியே இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. கோபம் இன்னும் ஏறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“அப்ப தினமும் மேல போகலியா நீ? எங்கியாவது நிறுத்திட்டுத் தூங்குனியா?”

“தூங்குறதா? இந்த மூணு வருஷத்துல ஒரு நடை தவறுனது கெடையாது. துரைகிட்டயே கேளுங்க. இந்த வண்டியால என் கழுத்தே போச்சு. நேராப் பாக்க முடியல. என்னப் பாத்தா தூங்குறவன்ங்கிறீங்க?”

பொன்ராஜ் மறுபடியும் அவன் சட்டையைப் பிடித்தான்.

“கதை விடாதல. வண்டி ஓட்டுனா கழுத்து எப்படிலே போகும்?”

பவுல்ராஜ் உடம்பு முழுவதையும் திருப்பி, சீட்டுக்கடியில் பெட்ரோல் டாங்கி இருந்த இடத்தைக் கையால் காட்டினான்.

“ஏத்தத்துல வண்டி மூக்கைத் தூக்குனா எஞ்சினுக்குப் பெட்ரோல் வராது அண்ணாச்சி, அந்த மூணு மைலும் திரும்பிப் பாத்துக்கிட்டே ரிவர்ஸ்லதான ஏத்துறேன்!”

பொன்ராஜ் சட்டையை விட்டுவிட்டு, காரைப் பின்னால் தள்ளியதில் பதினெட்டு பதினேழாகிப் போன மீட்டரைத் திரும்பிப் பார்த்தான்.