இடது பக்க மூடி

“நட்டை இறுக்கிப் பிடி மாப்ள. நான் ஒரு பக்கம் திருக, அதுவும் கூடவே சுத்துது.”

மாப்பிள்ளை மூடியின் அடிப்பக்கம் விரலை விட்டு நட்டை அழுத்திப் பிடித்தான். மேலேயிருந்து மச்சான் ஸ்க்ரூவைத் திருகினான்.

பைக்கின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெட்டிகள். வலது பெட்டியின் பழைய மூடியை நேற்றே கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் பதித்த புது மூடியைப் பொருத்தியாயிற்று. இன்று இடது பக்கம்.

இடது பக்கத்தில் கழற்றுவதற்கு மூடியே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் வண்டி சறுக்கி விழுந்தபோது அது இரண்டாகப் பிளந்து ரோட்டிலேயே கிடந்துவிட்டது.

ஓட்டியது மாப்பிள்ளைதான். முழங்கையில் லேசான சிராய்ப்பு. அதோடு தப்பித்தான்.

அன்றைக்கு வண்டியை விட்டு எழுந்தவன் அதன்பிறகு அதில் ஏறவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போனான். கேட்டவர்களிடம் முதுகுவலி என்றான். பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னான். மறுநாளே மச்சான் ஆள் அனுப்பி, வண்டியைத் தன் வீட்டுக் கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சிநேகிதம் முந்தியது, சம்பந்தம் பிந்தியது. மச்சான் தன் தங்கையைக் கட்டிக்கொடுத்த அன்றிலிருந்துதான் ‘டா’ போய், மச்சான், மாப்ள வந்தது.

இன்ஜினைப் பிரித்து மாட்டினான் மச்சான். வளைந்த ஹேண்டில்பாரை மாற்றினான். கடைசியில் மூடிக்கு வந்தபோது இருவருக்கும் வாக்குவாதம். சாதா மூடி போதும் என்றான் மாப்பிள்ளை. ஸ்பீக்கர் வைத்ததுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான் மச்சான். ஜெயித்தது அவன்தான். எப்போதும் அப்படித்தான்.

காலையில் முக்காலியில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. வாஷர் எடு, டேப்பை வெட்டு, டிரில்லை இப்படிக் கொடு என்று வாய் மட்டும் ஓயவில்லை. அவன் காலால் இட்ட வேலையை மாப்பிள்ளை தலையால் செய்தான்.

டீ கொண்டுவந்த தங்கை இதைப் பார்த்தாள்.

“நீ ராஜா மாதிரி உக்காந்துக்கிட்டு அவர ஓட ஓட விரட்டுறியே அண்ணா.”

“தங்கத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கேன். கொஞ்சம் ஓடட்டும்.”

அவள் சிரித்தாள். ஆனால் கண் புருஷனின் மேல்தான் இருந்தது. அவன் டீயை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தான்.

மூடி முழுக்கத் திறந்தாலும் இழுபடாத அளவுக்கு ஒயரை நீளமாக விட்டு, பெட்டிச் சுவரில் போட்ட துளை வழியாக வெளியே எடுத்து, முனையைச் செருகினான் மாப்பிள்ளை. மச்சான் போனில் ஒரு பாட்டைப் போட்டான்.

சளி பிடித்த மாதிரி வந்தது பாட்டு.

“பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போச்சு. ஒண்ணு தள்ளினா இன்னொண்ணு இழுக்குது. புருஷன் பொண்டாட்டி மாதிரி.”

ஒயரை மாற்றிச் செருகியதும் கொட்டகையே நிறைந்தது. அலமாரியில் இருந்த ஸ்பேனர்கள் கிணுகிணுத்தன. மாப்பிள்ளை தன்னையறியாமல் தலையை ஆட்டினான்.

அந்த நேரம் பார்த்து மச்சான் சாவியை நீட்டினான்.

மாப்பிள்ளை கையைப் பேன்ட்டில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். சாவியை வாங்கவில்லை.

“வேற யாரையாவது ஓட்டிப் பாக்கச் சொல்லு மச்சான். எனக்கெதுக்குப் பாட்டு? ஹெல்மெட்டைப் போட்டா முன்னாடி இருக்கிறவனுக்கு இது கேக்கக்கூடக் கேக்காது.”

“உனக்குன்னு யார் சொன்னா? அது பின்னாடி உக்கார்றவனுக்கு.”

மாப்பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தான். விளையாட்டில்லை என்று தெரிந்தது.

பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது.

மாப்பிள்ளை சாவியை வாங்கினான். சீட்டில் உட்கார்ந்தான். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, வண்டியை நிமிர்த்தி, பட்டனை அழுத்தினான். முதல் அழுத்தலிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்தான். அது நிற்கவில்லை.

தங்கை டீ கிளாஸை எடுக்க வந்தவள், எடுக்காமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. மச்சானின் கை தோளில் அழுந்தியது. அவன் வலது பக்கமாக வந்து, அந்தத் தோளை ஊன்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உட்கார்ந்தான். வண்டி ஒருமுறை ஆடி நிலைக்கு வந்தது.

பிறகு குனிந்தான். இடது கால் பேன்ட்டை முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே இருந்த செயற்கைக் காலைத் தூக்கி, கால் வைக்கும் பலகையின் மேல் எடுத்து வைத்தான். பலகை எங்கே இருக்கிறது என்று அந்தக் காலுக்குத் தெரியாது.

அந்த மழை நாளிலும் அவன் உட்கார்ந்திருந்தது இதே இடத்தில்தான்.

“ம், போலாம் மாப்ள,” என்றான்.