ரோண்டா சுட்ட பிஸ்கட்

"இதைப் போய் பிஸ்கட்டுன்னு சொன்னா, பிஸ்கட்டே சண்டைக்கு வரும்" என்றாள் நேடீன்.

தட்டின் விளிம்பில் அதை ஒரு தட்டு தட்டினாள். டொக் என்றது.

ரோண்டா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கும் சரியா எழும்பல."

"இன்னிக்குமா?"

"போன சனிக்கிழமையும் இப்படித்தான்" என்றான் கர்டிஸ். தன் பிஸ்கட்டைக் காபியில் ஊறவைத்துக்கொண்டிருந்தான். "அதுக்கு முந்தின வாரம் இதைவிடக் கெட்டி."

கர்டிஸ், நேடீனுடைய இறந்துபோன தங்கை மார்லாவின் கணவன். ரோண்டா அவன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள்.

டென்னசி மலைப்பக்கத்தில் சனிக்கிழமை காலை என்றால் பிஸ்கட்டும் கிரேவியும்தான். பொட்டலத்தில் விற்கிற பிஸ்கட் இல்லை. மாவில் மோர் சேர்த்து ஓவனில் சுட்டது. மெத்தென்று எழும்பி வருவதைச் சூடாகப் பிளந்து, மேலே சாசேஜ் இறைச்சி போட்ட பால் கிரேவியை ஊற்றித் தின்பார்கள்.

நேடீன் கிரேவியைக் கரண்டியால் கிளறினாள். மாவு கட்டி கட்டியாக மிதந்தது.

"சாசேஜ் கொழுப்புல மாவை வறுக்காமலே பாலை ஊத்திட்டியா?"

"அவசரத்துல…"

"என் தங்கச்சி அடுப்புல வந்து…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். மேஜையின் கோடியில் டெசா இருந்தாள்.

மார்லாவின் மகள். பதினேழு வயது. அம்மா போனதிலிருந்து பேச்சு குறைந்து, இப்போது வெறும் தலையசைப்பு என்றாகிவிட்டது. சாப்பாடும் கொறிப்புதான். அடுப்பைத் தொடுவதே இல்லை. இப்படியே விட்டால் பிள்ளை என்னவாகும் என்று பயந்துதான் நேடீன் வந்திருந்தாள். அவளை நாக்ஸ்வில்லில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக கார் டிக்கியைக்கூடக் காலி செய்து வைத்திருந்தாள்.

"சாப்பிட்டுட்டு துணிமணியை எடுத்து வை, கண்ணு. மீதிப் படிப்பு அங்க படிச்சுக்கலாம்."

டெசா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கர்டிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

ரோண்டா எழுந்தாள். "போறதுக்குள்ள இன்னொரு தட்டு சுட்டுடறேன். பிள்ளை பசியோட கிளம்ப வேண்டாம்."

சாப்பாட்டு மேஜைக்கு எதிரிலேயே சமையல் மேடை. ரோண்டா மாவில் மோரை ஊற்றித் துணி துவைப்பது போல் அடித்துப் பிசைந்தாள். நேடீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோண்டா வட்ட அச்சை எடுத்து மாவில் அழுத்தி, பாட்டில் மூடியைத் திருகுவது போல ஒரு திருகு திருகினாள்.

"திருகாதே."

எல்லோரும் திரும்பினார்கள். டெசாவின் குரல் கரகரத்தது.

"என்ன கண்ணு?" என்றாள் ரோண்டா.

"அச்சைத் திருகாதே. நேரா அழுத்தி நேரா எடுக்கணும். திருகினா ஓரம் ஒட்டிக்கும். அப்புறம் எப்படி எழும்பும்?"

"இப்படியா?" ரோண்டா அழுத்தினாள். மறுபடியும் திருகினாள்.

டெசாவின் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "தள்ளு நீ."

அந்த மாவை அப்படியே வாரிக் குப்பையில் போட்டாள். புது மாவு எடுத்து, சில்லென்ற வெண்ணெயை அதில் உதிர்த்து, நடுவில் குழி செய்து மோர் விட்டாள்.

"பிசையவே கூடாது. சேர்ந்து வந்தா போதும். அம்மா தொடறது மாவுக்கே தெரியாது."

"எனக்குக் கை கனம்" என்றாள் ரோண்டா.

"அது கையா, சுத்தியல்."

கர்டிஸ் சிரிப்பை மறைக்கக் காலிக் கோப்பையைத் தூக்கிக் குடித்தான்.

"சாசேஜ் மிச்சம் இருக்கா? பாலை எடுத்து அடுப்புக்குப் பக்கத்துல வை. ஃபிரிட்ஜிலேர்ந்து அப்படியே ஊத்தினா கட்டி தட்டும். நேடீன் பெரியம்மா, மிளகுத்தூள் எடுங்க. நிறைய. அம்மா போடுவாளே, தும்மல் வர்ற மாதிரி."

"தெரியும்டி" என்று நேடீன் எழுந்தாள். கண்ணெதிரே இருந்த மிளகு டப்பாவைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பிஸ்கட் எழும்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது. டெசா ஒன்றைத் தின்று முடிப்பதற்குள் அடுத்ததைப் பிளந்தாள். வாயில் வைத்துக்கொண்டே பேசினாள். பள்ளிக்கூடத்துப் பேச்சு, பக்கத்து வீட்டு நாய் பற்றிய பேச்சு, எல்லாம் தேங்கிக் கிடந்தது போல வந்தது.

"அடுத்த சனிக்கிழமையும் நான்தான் சுடுவேன். உன்னை நம்பினா அப்பாவுக்குப் பல்லு மிஞ்சாது" என்றாள் ரோண்டாவைப் பார்த்து.

ரோண்டா வாணலியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

துணிமணியைப் பற்றி நேடீன் மறுபடி கேட்கவில்லை.

கிளம்பும்போது கர்டிஸ் கார் வரை கூட வந்தான்.

"பிள்ளை தேறிடுவா. இங்கேயே இருக்கட்டும்" என்றாள் நேடீன். "போன மாசம் பூரா எனக்குச் சரியான தூக்கம் இல்ல. இன்னிக்குப் போய்த் தூங்கணும்."

"எனக்கும்தான்."

காரில் ஏறி உட்கார்ந்தவளுக்கு மனசு ஆறவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. மார்லா ஆண்ட அடுப்படி அது. ஒரு பிஸ்கட் சுடத் தெரியாதவளை நீ எதைப் பார்த்துக் கட்டிக்கிட்டே?"

கர்டிஸ் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னலுக்குள் டெசா அச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். ரோண்டா தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"டெசாகிட்ட மட்டும் சொல்லிடாதே. நெடுஞ்சாலை ஓட்டல்ல அவ சுடற பிஸ்கட்டுக்காக, லாரிக்காரங்களோட வரிசையில நிக்கப் போய்த்தான் நான் அவளைப் பார்த்ததே."