மாணிக்கத்தின் கெடியாரம்

"நின்னு போச்சுங்க. எப்படியாச்சும் ஓட வெச்சுக் குடுங்க."

கண்ணாயி ஒரு சிவப்புத் தோல் பெட்டியை மேசைமேல் வைத்தாள். வளப்பூர் நாட்டிலிருந்து விடியலில் மலையிறங்கத் தொடங்கியவள். பேளுக்குறிச்சிச் சந்தை பாதி கலைந்திருந்தது. வெளியே தூறல். மலை தெரியவில்லை.

கடிகாரம் பழுதுபார்க்கும் வெங்கிடுசாமி பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பட்டில் கொடிபோலப் பின்னிய இரண்டு பொன் எழுத்துகள். கைக்கடிகாரத்தின் முகத்திலும் அதே முத்திரை. பக்கவாட்டில் சாவி கொடுக்கும் குமிழின் நுனியில் கடுகளவில் இன்னொன்று.

"பாத்தியா அம்மிணி? இது கெடியாரக்காரன் வேலையில்ல. சீமையில நகைக்கடைக்காரன் செஞ்சது. தோடு செய்யற கை. எழுத்தைக்கூட நகையாட்டம் வளைச்சிருக்கான்."

"அழகு கெடக்கட்டுங்க. துடிக்கலையே."

"எப்பருந்து?"

"வியாழக்கிழமையிலருந்துங்க. எங்கூட்டுக்காரரு சமையலுக்கு இருந்த ஊட்டுத் தொரை அவருக்குக் குடுத்தது. எங்கூட்டுக்காரரு பர்மாச் சண்டைக்குப் போறப்ப, 'இது துடிக்கிற வரைக்கும் இந்த மாணிக்கம் உசுரோட இருக்கான்னு நெனச்சுக்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. ரெண்டு வருசமாத் துடிச்சுதுங்க."

அவள் கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நின்னுருச்சுன்னதும், வார புதன்கிழமை தாலிய எறக்கணும்ங்கறாங்க ஊர்ல."

"பெட்டி யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்க மாமனாருகிட்டங்க. என்னையத் தொடவே உடமாட்டாரு. தெனமும் காலைல தொடச்சு, என் காதுல ஒருக்கா வெச்சுக் காட்டுவாரு. 'நானென்ன தின்னா போட்டுருவேன்?'னு சண்டைகூடப் போட்டிருக்கேன். காய்ச்சல்ல போன புதன்கிழமை அவரும் போய்ட்டாருங்க."

வெங்கிடுசாமி கடிகாரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பிறகு குமிழை நான்கு முறை திருகி, கடிகாரத்தை அவள் காதருகே நீட்டினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"இருக்காருங்க!" என்றாள். "என்ன கோளாறுங்க?"

"தூசி. தெனமும் காலைல இந்தக் குமிழை இப்படி நாலு திருகு திருகித் தொடச்சுரு. ஒரு நாளும் மறந்துராதே, கண்ணு."

"அவ்வளவுதானா?" அழுகையினூடே சிரித்தாள். "தாலிய எறக்கச் சொன்னவங்க ஒவ்வொருத்தர் காதுலயும் வெக்கறேன் பாருங்க."

முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனவளைத் தடுத்தார்.

"கூலி வேண்டாம். பெட்டி மட்டும் இருக்கட்டும். உள்பட்டு நைஞ்சு கெடக்குது. அடுத்த சந்தைக்கு ஒட்டித் தாரேன்."

கடிகாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் தூறலில் இறங்கினாள். இரண்டு முறை நின்று முடிச்சைக் காதில் வைத்துப் பார்த்தாள்.

அவள் மறைந்ததும் வெங்கிடுசாமி பொன் எழுத்துப் பட்டுத்துணியை நெம்பி, அடியில் மடித்திருந்த காகிதத்தை எடுத்தார். பிரிக்காமலே கரியடுப்பில் போட்டார்.

பிரிக்க வேண்டியதில்லை. போன ஐப்பசியில், மாணிக்கம் இறந்துவிட்டான் என்று வந்த அந்தத் தந்தியை, எழுத்தறியாத அவள் மாமனாருக்குப் படித்துச் சொன்னவரும், எரிக்க மனமில்லாமல் அழுத அவருக்காக அதைப் பட்டுக்கு அடியில் ஒளித்துக் கொடுத்தவரும் அவர்தான்.